பதினைந்தாம் தேதி கழற்ற வேண்டிய தாள்

மார்ச் 4

அன்புள்ள வாலுவுக்கு,

இங்கே நலம். நீயும் மாப்பிள்ளையும் பையனும் நலம்தானே. போனில் நான் 'சாப்பிட்டியா' என்பேன், நீ 'ஆச்சு' என்பாய், அதோடு பேச்சு தீர்ந்துவிடும். கடிதம் என்றால்தான் நம் இருவருக்கும் வாய் திறக்கிறது.

பல்கலைக்கழகத்தில் என்னை இடம் மாற்றிவிட்டார்கள். இனிமேல் மத்தியக் கட்டடத்து நோட்டீஸ் போர்டு என் பொறுப்பு. கண்ணாடிக் கதவு, ஒரு சாவி, ஒரு டப்பா குண்டூசி, இவ்வளவுதான் என் ராஜ்ஜியம். இடப்பக்கம் 'வரவிருக்கும் நிகழ்ச்சிகள்'. சொற்பொழிவு, நாடகம், தொலைநோக்கியில் சனிக்கோளைப் பார்ப்பது எல்லாம் அங்கே. வலப்பக்கம் 'வாய்ப்புகள்'. உதவித்தொகை, வேலை, புதிய படிப்பு எல்லாம் இங்கே. எதற்கும் ஒரே ஒரு தாள்தான். தேதி முடிந்த மறுநாள் காலை கழற்ற வேண்டும், ஒரு நாள் முன்னாலும் கூடாது, பின்னாலும் கூடாது. தேதி விஷயத்தில் நான் எப்படி என்று உனக்குத் தெரியும். காலண்டருக்கே நான்தான் தேதி சொல்கிறேன் என்கிறாள் உன் அண்ணி.

கழற்றிய தாள்களைக் குப்பையில் போட மனம் வரவில்லை. பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதமே. முன்பக்கத்தில் இருப்பதைக் கண்டுகொள்ளாதே.

உன் அண்ணன்

*

மார்ச் 13

அன்புள்ள அண்ணனுக்கு,

கண்டுகொள்ளாதே என்றால் முதலில் அதைத்தான் பார்ப்பேன் என்று தெரியாதா. 'மீன்கள் எப்படித் தூங்குகின்றன? மாலை நான்கு மணி, இரண்டாவது அரங்கு, அனைவரும் வரலாம்.' சரி, எப்படித் தூங்குகின்றன? மீனுக்கு இமையே கிடையாதே. மூன்று நாளாக இதே யோசனை. கடையில் லென்ஸ் தேய்க்கும்போதும் இதுதான் மண்டையில் ஓடியது. ஒரு பெரியவருடைய லென்ஸைப் பக்கத்திலிருந்த வேறு பிரேமின் அளவுக்குத் தேய்த்துவிட்டேன். முதலாளி, "இருபத்திரண்டு வருஷத்துல உன் கை தப்பி இன்னிக்குத்தான் பார்க்கிறேன்" என்றார். மீன்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை.

நீ அந்தச் சொற்பொழிவுக்குப் போயிருக்க மாட்டாய். 'அனைவரும் வரலாம்' என்ற தாளை உன் கையாலேயே குத்தினாய். அந்த அனைவரில் நீ மட்டும் சேர்த்தி இல்லையா?

இன்னொன்று. நீ அனுப்புவதெல்லாம் நடந்து முடிந்தவை. பஸ் போன பிறகு டைம்டேபிள் அனுப்பினால் நான் என்ன செய்வது? மீனுக்கு விடை தெரியாமல் அடுத்த கடிதம் போடாதே.

உன் வாலு

*

மார்ச் 24

அன்புள்ள வாலுவுக்கு,

உன்னால் விலங்கியல் துறைக்குப் போய் அசடு வழிந்தேன். மீன் ஓர் ஓரமாக ஒதுங்கி, அசையாமல், கண்ணைத் திறந்தபடியே தூங்குமாம். இதை எங்கள் ஆபீசிலேயே தினமும் பார்க்கிறேன், அவ்வளவு தூரம் நடந்திருக்க வேண்டியதில்லை.

நீ கேட்ட மாதிரி, நடக்கப்போவது ஒன்று. தேதி முடியாத தாளைக் கழற்றக் கூடாது, அதனால் கையால் எழுதுகிறேன். ஏப்ரல் 10, மாலை நான்கு மணி, 'நாம் கண்ணால் பார்க்கிறோமா, மூளையால் பார்க்கிறோமா?' கண் விஷயம் உன் தொழில்தானே. ஐந்து மணி நேரப் பஸ். நீயே வந்து கேளேன். அண்ணியும் சந்தோஷப்படுவாள்.

உன் அண்ணன்

*

ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் வரவில்லை. உன் வீட்டுக்கு எப்போது வேண்டுமானாலும் வருவேன், அந்தப் பல்கலைக்கழக வாசலுக்கு மாட்டேன். பதினேழு வயதில் இடம் கேட்டேன், பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதில் இப்போது வருத்தமில்லை. எனக்கு அவ்வளவுதான் மண்டை. ஆனால் கேள்வி கேட்க மண்டை தேவையில்லையே, அதனால் என் கேள்வியை நீ கொண்டு போ.

எங்கள் கடையில் புதுக் கண்ணாடி வாங்கிப் போகிறவர்களில் பலர் மறுநாளே திரும்பி வருவார்கள். "தரை பள்ளமா தெரியுது, படி கிட்ட வருது" என்பார்கள். முதலாளி, "ஒரு வாரம் போட்டுப் பாருங்க" என்று அனுப்பிவைப்பார். பிறகு சரியாகிவிடும். லென்ஸ் மாறவில்லை, தரையும் மாறவில்லை. அப்படியானால் மாறியது என்ன?

யாருக்கு எத்தனை நாளில் சரியாகிறது என்று ஆறு வருஷமாக ஒரு நோட்டில் எழுதிவருகிறேன், சும்மா ஒரு ஆவலில்தான். தபால்காரருக்கு இரண்டே நாள். ஒரே பவர், ஏறக்குறைய ஒரே வயதுதான், நாள் முழுக்க நாற்காலியில் இருக்கும் வங்கிக்காரருக்குப் பதினோரு நாள். நோட்டைப் புரட்டினால் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. நடக்கிறவர்களுக்குச் சீக்கிரம், உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தாமதம். இது ஏன் என்று கேள். கடைசி வரிசையில் போய் ஒளிந்துகொள்ளாதே.

உன் வாலு

*

ஏப்ரல் 12

அன்புள்ள வாலுவுக்கு,

கடைசி வரிசையில்தான் உட்கார்ந்தேன். கை தூக்கி எழுந்து நின்றேன். உன் கடிதத்தில் இருந்த கேள்வியை அப்படியே வாசித்தேன். மாணவர்கள் சிரிப்பார்கள் என்று பயந்தேன், ஒருவரும் சிரிக்கவில்லை. பேராசிரியை மேடையை விட்டு இறங்கி என் பக்கத்துக்கே வந்துவிட்டார்.

"இதை யார் கவனிச்சாங்க? நீங்களா?"

"இல்ல மேடம், என் தங்கச்சி. கண்ணாடிக் கடையில வேலை பார்க்கிறா."

"எத்தனை பேரைப் பத்தி எழுதி வச்சிருக்காங்க?"

தெரியாது என்றேன். அவர்கள் நாற்பது மாணவர்களை வைத்து இரண்டு வருஷமாக இதே விஷயத்தைத்தான் சோதித்துக்கொண்டிருக்கிறார்களாம். மூளைதான் தன்னைத் திருத்திக்கொள்கிறதாம். நடக்கிறவன் காலை வைத்து வைத்துப் பார்ப்பதால் அதற்குத் தன் தப்பு சீக்கிரம் தெரிந்துவிடுகிறதாம், உட்கார்ந்திருப்பவனுக்கு அது தெரியவே பல நாள் ஆகிறதாம். "அந்த நோட்டை நான் பார்க்கணும், அவங்களையும் பார்க்கணும்" என்று இரண்டு முறை சொன்னார். நான் வெளியே வந்து படிக்கட்டிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன். பெருமையாக இருந்தது. வேறு ஏதோ ஒன்றும் இருந்தது.

உன் அண்ணன்

*

ஜூன் 1

அன்புள்ள வாலுவுக்கு,

முன்பக்கத்தை முதலில் படி. இந்த முறை நானே சொல்கிறேன்.

படித்துவிட்டாயா? பார்வை அறிவியலில் இரண்டு வருஷப் படிப்பு, தொழில் அனுபவம் உள்ளவர்களுக்கு. வயது வரம்பு இல்லை. பன்னிரண்டு இடம். கடைசி நாள் ஜூன் 14, நேரில் கொடுக்க வேண்டும். அந்தப் பேராசிரியைதான் நடத்துகிறார். முந்தாநாள் காலை குத்தினேன், இன்று கழற்றிவிட்டேன். தேதி முடியாமல் நான் கழற்றிய ஒரே தாள் இது. நிறையப் பேர் பார்க்காவிட்டால் உனக்கு இடம் கிடைப்பது சுலபம் என்று நினைத்தேன். தப்புதான், தெரிந்தேதான் செய்தேன்.

நோட்டைக் காட்ட மாட்டேன் என்று போனில் சொன்னாய். 'ஒரு தடவை வேண்டாம்னு சொன்னாங்களே, போதும்' என்றாய். அவர்கள் அப்படிச் சொல்லவே இல்லை. பதினேழு வயதில் நீ என்னிடம் கொடுத்தனுப்பிய விண்ணப்பம் என் சட்டைப் பையில் நான்கு நாள் கிடந்தது. கடைசித் தேதி வரை நேரம் இருக்கிறதே என்று இருந்தேன். கடைசி நாள் மதியம் இரண்டு மணிக்குப் போனேன். கவுண்டர் பன்னிரண்டுக்கே மூடிவிட்டார்கள். வீட்டில் சொல்ல நா எழவில்லை. பட்டியல் வந்த அன்று 'உன் பேர் இல்ல' என்று மட்டும் சொன்னேன். கொடுக்காத விண்ணப்பத்துக்குப் பேர் எங்கிருந்து வரும்? நீ மூன்று நாள் அழுதாய். நான்காம் நாள் முகம் கழுவிக்கொண்டு, "பரவால்ல அண்ணா, எனக்கு அவ்வளவுதான் மண்டை" என்றாய். அந்த நிமிஷமாவது சொல்லியிருக்கலாம். அடுத்த வாரம் அப்பா உன்னைக் கடையில் சேர்த்துவிட்டார்.

நான் தேதியைக் கட்டிக்கொண்டு அழுவது அதற்குப் பிறகுதான். திட்டு, என்ன வேண்டுமானாலும் சொல். ஆனால் விண்ணப்பத்தைக் கொடுத்துவிடு.

அண்ணன்

*

ஜூன் 6

கடிதம் வந்தது.

நான் மக்கு என்று இருபத்திரண்டு வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். பையன் கணக்கில் சந்தேகம் கேட்டால் 'அப்பாகிட்ட கேளு' என்பேன். கடைக்குப் புது மெஷின் வந்தபோது அதன் புத்தகத்தைத் தொடக்கூட இல்லை, அதெல்லாம் படித்தவர்களுக்கு என்று ஒதுங்கிவிட்டேன். ஆறு வருஷம் நோட்டு எழுதியும் அதை ஒருவருக்கும் காட்டவில்லை.

கவுண்டர் மூடியதைப் பொறுத்துக்கொள்வேன், யாருக்கும் நடக்கும். நீ பக்கத்தில் நின்று நான் அழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாய் பார், அதுதான் தொண்டையை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது.

பதில் எழுதாதே. போனும் செய்யாதே.

*

ஜூன் 11

அண்ணா,

உன் மேசைக்கு எதிரே உள்ள பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நீ சாப்பிடப் போயிருக்கிறாய். கோபம் தீரவில்லை, அதனால்தான் இந்த நேரமாகப் பார்த்து வந்தேன்.

காலை ஒன்பது மணிக்கே வந்துவிட்டேன். கவுண்டர் இப்போதும் பன்னிரண்டுக்குத்தான் மூடுகிறது. விண்ணப்பத்தை என் கையால் கொடுத்தேன். கவுண்டரில் இருந்தவர் முத்திரை குத்தியபோது இன்னொரு தடவை குத்தச் சொல்லலாமா என்றிருந்தது. அப்புறம் மூன்றாவது மாடிக்குப் போய் நோட்டைக் காட்டினேன். பேராசிரியை என்னை இரண்டு மணி நேரம் விடவில்லை. நான் ஒன்று கேட்டால் அவர் ஒன்பது கேட்கிறார், என்னைவிடப் பெரிய வாலு. இடம் கிடைக்குமா என்று கேட்டேன். "அதை நான் மட்டும் முடிவு பண்ண முடியாதும்மா" என்றார். சரி என்றேன். கிடைக்காவிட்டாலும், இந்த முறை இல்லை என்று சொல்லப்போவது அவர்கள்.

நடுவில் தூணுக்குப் பின்னால் நின்று உன்னையும் பார்த்தேன். ஒரு தாளைக் கழற்றும் முன் தேதியின் மேல் விரல் வைத்து இரண்டு முறை படித்தாய். பிறகுதான் குண்டூசியைத் தொட்டாய். அதைப் பார்த்ததும் கொஞ்சம் அழுகை வந்தது, அது கோபத்தில் சேருமா என்று தெரியவில்லை.

வலப்பக்கத்தில் நடுவே ஒரு தாள் அளவுக்குக் காலி இடம் இருக்கிறது. இதுவரை நான்கு விண்ணப்பம்தான் வந்திருக்கிறதாம், ஏன் என்று பேராசிரியைக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது, அவரிடம் சொல்லவில்லை. எனக்கு நடந்ததையே முகம் தெரியாத யார்யாருக்கோ செய்திருக்கிறாய், அதுவும் என் பேரைச் சொல்லி.

அந்தத் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். நான்கு ஓட்டையும் கிழியாமல் இருக்கின்றன, அதே இடத்தில் குத்து. இன்னும் மூன்று நாள் இருக்கிறது. நீ எனக்கு எழுதியது பின்னால் அப்படியே இருக்கும், இருந்தால் என்ன, போர்டில் குத்திய தாளை யாரும் திருப்பிப் பார்க்கப்போவதில்லை.

பதினைந்தாம் தேதி காலை கழற்றிவிடு, உன் விதிப்படி. மற்ற தாள்களைப் போல எடுத்து வைக்காதே. இதன் பின்பக்கத்தில்தான் எழுத இடமில்லையே, குப்பையில் போட்டுவிடு.

அடுத்த கடிதத்தை வேறு தாளில் எழுது.

வாலு