நெரெய்தா எந்தக் கரையில் பிறந்தாள்

ரியோ கிராண்டே சிட்டி, டெக்சாஸ்
9 ஜூலை 2018

என் அன்புத் தங்கை நெரெய்தாவுக்கு,

அண்ணன் எவரிஸ்தோ எழுதுவது. இங்கே நாங்கள் சுகம். உன் அண்ணி ஒஃபீலியாவின் முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. வெயில் கொளுத்துகிறது. ஆடுகள் பகலெல்லாம் மெஸ்கீத் மர நிழலை விட்டு நகர மறுக்கின்றன. நீ தொகுதி முழுக்க அலைகிறாய், தண்ணீராவது ஒழுங்காகக் குடிக்கிறாயா?

நீ போனில் கூப்பிட்டதாக ஒஃபீலியா சொன்னாள். முப்பது வருடம் பருத்தி அரவை மில்லில் நின்ற காதுக்குப் போனில் வண்டுச் சத்தம்தான் கேட்கிறது. அதனால் நீ எழுது, நான் வாசிக்கிறேன்.

உன் தேர்தல் நோட்டீஸ் தபாலில் வந்தது. மாநில சட்டமன்றத்துக்கு நம் வீட்டுப் பெண் நிற்கிறாள், படமும் நன்றாக விழுந்திருக்கிறது. ஒஃபீலியா அதைக் குளிர்பெட்டியில் ஒட்டிவிட்டாள். தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் வாசிக்கிறேன். எல்லை ஆற்றோரம் வேலி, ரோந்துக்குக் கூடுதல் ஆட்கள், அதெல்லாம் புரிகிறது. நான்காவது வாக்குறுதிதான் புரியவில்லை. மருத்துவச்சிகள் கையெழுத்துப் போட்ட பழைய பிறப்புச் சான்றிதழ்களை எல்லாம் மாநில அரசு மறுபடி விசாரிக்க வேண்டும் என்று இருக்கிறது. நெரே, உன் சான்றிதழில் இருப்பது தொமாசா மருத்துவச்சியின் கையெழுத்துதானே? மறந்துவிட்டாயா, அல்லது இதில் எனக்குப் புரியாத அரசியல் ஏதாவது இருக்கிறதா?

முடிவெட்டப் போனேன். கடைக்காரன் லூப்பே, கத்தியைக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கத்துகிறான்: "என்ன எவரிஸ்தோ, ஒன் தங்கச்சி ஜெயிச்சா மெக்சிகோவுக்குத் திருப்பி அனுப்புற மொத வேன்ல ஒன்னத்தான் ஏத்துவா போலருக்கே!" கடையே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன்.

அன்புடன்,
உன் அண்ணன்,
எவரிஸ்தோ பர்ரேரா

மக்காலன்
15 ஜூலை 2018

அன்புள்ள அண்ணா,

உன் கடிதம் கிடைத்தது. தண்ணீர் குடிக்கிறேன். அண்ணியை அந்த முழங்காலோடு தேவாலயத்துப் படி ஏற விடாதே.

லூப்பே சொல்வதையெல்லாம் மனதில் போட்டுக்கொள்ளாதே. உன்னிடம் கிரீன் கார்டு இருக்கிறது. காகிதம் இல்லாதவர்களுக்குப் பொது மன்னிப்பு வந்த வருடம் வரிசையில் நின்று முறையாக வாங்கியது. உன் மேல் யார் கைவைப்பார்கள்?

நான் எதற்காக இதைப் பேசுகிறேன் என்று உனக்குத் தெரியும். யாரெலியை நினைவிருக்கிறதா? என் பள்ளியில் படித்தவள், பதினாறு வயது. ஆற்றைத் தாண்டி வந்த ஏழு பேரை ஏற்றிப் போகச் சொல்லி ஆள் கடத்துபவர்கள் அவளிடம் வேன் சாவியைக் கொடுத்தார்கள். வேன் கால்வாயில் கவிழ்ந்தது. தலைமையாசிரியை என்ற முறையில் அவள் உடலை அடையாளம் காட்ட நான்தான் போனேன். அன்றைக்கு முடிவு செய்தேன், இந்தக் கரை இப்படித் திறந்து கிடக்கக் கூடாது என்று. வேலி சரியாக இருக்க வேண்டும், காகிதமும் சரியாக இருக்க வேண்டும். பொய்க் காகிதம் இருக்கும் வரை கடத்துபவனுக்கு வியாபாரம் இருக்கும்.

அந்தக் கரையில் பிறந்த சில பிள்ளைகள் இங்கே பிறந்ததாகத் தொமாசா பொய்க் கையெழுத்துப் போட்டது உண்மை. கோர்ட்டில் அவளே ஒப்புக்கொண்டிருக்கிறாள். ஆனால் நம் காகிதம் சுத்தம் அண்ணா. உண்மையான காகிதம் வைத்திருப்பவர்களுக்கு என்ன பயம்? மேடையிலும் இதைத்தான் சொல்கிறேன், நன்றாகக் கைதட்டுகிறார்கள்.

அன்புடன்,
நெரெய்தா

மக்காலன்
21 ஆகஸ்ட் 2018

அண்ணா,

ஒரு சின்ன உதவி. காலாவதியான பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கப் போட்டிருந்தேன். நேற்று தலைநகரத்திலிருந்து கடிதம் வந்தது. நான் பிறந்த இடத்துக்குச் சான்றிதழ் மட்டும் போதாதாம். மருத்துவச்சியின் பெயர் ஏதோ பட்டியலில் இருக்கிறதாம். அம்மா கர்ப்பமாக இருந்தபோது எந்த டாக்டரிடம் காட்டினாள், 1967-இல் எந்த வீட்டில் வாடகைக்கு இருந்தாள், ஞானஸ்நானம் எங்கே என்றெல்லாம் கேட்டிருக்கிறார்கள். புயல் வருடத்தில் கையில் ஒரு மூட்டைகூட இல்லாமல் வந்தவளிடம் வாடகை ரசீது கேட்கிறார்கள்! சிரிப்புதான் வந்தது, ஆனால் சிரிப்பாக இல்லை.

வக்கீல் சொல்கிறார், பிறந்ததைப் பார்த்தவர் ஒருவர் சத்தியம் செய்து எழுதிக்கொடுத்தால் போதும். அப்போது உனக்கு ஒன்பது வயது. உயிரோடு இருப்பவர்களில் நீ ஒருவன்தான் அங்கே இருந்தவன். தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். "என் தங்கை இந்தக் கரையில், 23 செப்டம்பர் 1967 அன்று பிறந்ததை நான் கண்ணால் பார்த்தேன்" என்று ஒரே வரி. கையெழுத்துப் போட்டு அனுப்பு. எதிர்க்கட்சி வேட்பாளர் காதுக்குப் போவதற்குள் முடிக்க வேண்டும்.

நெரெய்தா

ரியோ கிராண்டே சிட்டி
27 ஆகஸ்ட் 2018

அன்புத் தங்கை நெரெய்தாவுக்கு,

தாளை மேசையில் வைத்து ஐந்து நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், நீயே படித்துப் பார்.

பியூலா புயல் அடித்தபோது நாம் ஆற்றுக்கு அந்தப்பக்கம், கமார்கோவில் இருந்தோம். அம்மாவுக்கு நாள் நெருங்கியதால் ஊருக்கு மேற்கே சாயோ சித்தி வீட்டில் விட்டிருந்தார் அப்பா. சான் ஹுவான் ஆறும் பெரிய ஆறும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. எது மெக்சிகோ எது டெக்சாஸ் என்று யாராலும் சொல்ல முடியாது, எங்கும் காப்பித் தண்ணீர். கூரை மேல் உட்கார்ந்திருந்த என்னையும் அப்பாவையும் ஒரு படகு தூக்கிக்கொண்டது. இந்தப்பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இறக்கினார்கள். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ அம்மா வந்தாள். கையில் நீ. நான் உன்னைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பிறந்ததை நான் பார்க்கவில்லை, நெரே.

அம்மா என்ன சொல்வாள் என்று உனக்குத் தெரியும். படகிலேயே வலி எடுத்தது, இந்தக் கரையில் கால் வைத்ததும் பிறந்தாய், தொமாசா ஏந்தினாள். ஆனால் சாயோ சித்தி வேறு மாதிரி சொல்வாள். உனக்குத் தெரியாது, என் கல்யாணத்தன்று சிரித்துக்கொண்டே சொன்னாள்: "போடா, அவ என் அடுப்படி மேசை மேலதான் பொறந்தா. மாவு மூட்டைய நகத்திட்டு எடம் பண்ணேன். ஒங்கம்மா வெளிய சொல்ல வேணாம்னுட்டா." அன்றைக்குச் சித்தி இரண்டு கிளாஸ் போட்டிருந்தாள். யாரை நம்புவது? இரண்டு பேரும் இப்போது மண்ணுக்குள்.

நான் பார்த்ததை, பார்த்தபடி, எத்தனை தாள் வேண்டுமானாலும் எழுதித் தருகிறேன். பார்க்காததற்குச் சத்தியம் செய்து நாளைக்கு மாட்டினால் என் கார்டும் போய்விடும். ஆனால் அதற்குப் பயந்து மட்டும் சொல்லவில்லை என்று நம்பு.

உன் அண்ணன்,
எவரிஸ்தோ

மக்காலன்
1 செப்டம்பர் 2018

எவரிஸ்தோவுக்கு,

ஒரு வரி கேட்டேன். சாயோ சித்தியின் குடிபோதைக் கதையை அனுப்பியிருக்கிறாய். அதையும் காகிதத்தில் எழுதி, தபாலில்!

நான் ஐம்பது வருடமாக இந்த நாட்டின் பிள்ளை. காலையில் கொடிக்கு முன் நின்று ஆயிரம் குழந்தைகளை உறுதிமொழி சொல்ல வைத்தவள். நீ இன்னும் கார்டில் இருப்பவன், இங்கே விருந்தாளி. உனக்கு இது விளங்காது.

தாளைத் திருப்பி அனுப்பிவிடு.

நெரெய்தா

ரியோ கிராண்டே சிட்டி
14 செப்டம்பர் 2018

அன்புத் தங்கை நெரெய்தாவுக்கு,

தாள் இத்துடன் இருக்கிறது. கையெழுத்துப் போடாமலே அனுப்புகிறேன். உன் கடிதத்தை ஒஃபீலியாவிடம் காட்டவில்லை. நோட்டீஸை அவள் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துவிடுவாள்.

சித்தியின் பேச்சு பொய் என்று ஒரு ஆதாரம் கிடைத்தால் உனக்கு உதவுமே என்று போன செவ்வாய்க்கிழமை பாலத்தைத் தாண்டிக் கமார்கோவுக்குப் போனேன். பதிவு அலுவலகத்தில் சின்னப் பெண் ஒருத்தி, வாயில் சூயிங்கம். உன் பெயரையும் அம்மா அப்பா பெயரையும் எழுதிக் கொடுத்தேன். அறுபத்தேழாம் வருடப் புத்தகத்தில் நீ இல்லை. எனக்கு எவ்வளவு நிம்மதி என்று சொல்ல முடியாது. எழுந்தே விட்டேன். அவள்தான், "இருங்க பெரியவரே, லேட்டா பதிஞ்சிருந்தா வேற புக்ல இருக்கும்" என்று எனக்குக் கேட்கும்படி கத்தி இன்னொன்றை எடுத்து வந்தாள். அறுபத்தொன்பதாம் வருடம். அதில் இருந்தாய்.

நெரெய்தா பர்ரேரா. பிறந்த ஊர் கமார்கோ. பிறந்த தேதி 20 செப்டம்பர் 1967. கீழே அம்மாவின் கையெழுத்து, 'A'வை உடைத்து எழுதுவாளே, அதேபோல. டெக்சாஸ் சான்றிதழில் 23 என்று சொன்னதும் அந்தப் பெண் சிரித்தாள்: "ரெண்டு நாட்டுலயும் ரெண்டு தேதியில பொறந்தாங்களா? பலே ஆளுதான் ஒங்க தங்கச்சி!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பக்கத்துக்கு ஒரு நகல் வாங்கி, வெளியே சதுக்கத்தில் உட்கார்ந்து மறுபடி வாசித்தேன். தாத்தாவின் நிலம் அந்த மண்ணில் பிறந்தவர்கள் பெயரில்தான் எழுதப்படும் என்று அப்போது ஒரு பேச்சு இருந்தது. அதற்காக அம்மா அங்கே பொய் சொல்லியிருக்கலாம். அல்லது உனக்கு இந்த நாடு கிடைக்க வேண்டும் என்று இங்கே பொய் சொல்லியிருக்கலாம். ஒரு பொய் நிச்சயம். எது என்று தெரியவில்லை. இரண்டும் உனக்காகத்தான்.

அந்த நகலை உனக்கே அனுப்புகிறேன். நான் யாரிடமும் காட்டவில்லை. கிழித்துப் போட்டாலும் சரி, நான் வாய் திறக்க மாட்டேன். சத்தியம் வாங்கிக் கேட்டால் மட்டும் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை.

உன் அண்ணன்,
எவரிஸ்தோ

ரியோ கிராண்டே சிட்டி
2 அக்டோபர் 2018

நெரே,

பதில் இல்லை. கடிதம் கிடைத்ததா? வழியில் யாராவது பிரித்திருப்பார்களோ என்று பயமாக இருக்கிறது. நான் போகாமலே இருந்திருக்கலாம் என்று ஒஃபீலியா சொல்கிறாள். ஆமாம், கடைசியில் அவளிடம் சொல்லிவிட்டேன். தனியாக வைத்திருக்க முடியவில்லை.

ரேடியோவில் உன் விளம்பரம் ஓடுவதாகச் சொன்னாள். அதே பேச்சுத்தானாம். நான் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது.

திட்டியாவது ஒரு வரி எழுது.

எவரிஸ்தோ

மக்காலன்
30 நவம்பர் 2018

என் அன்பான அண்ணா,

இரண்டு மாதமாக எத்தனையோ தடவை பேனாவை எடுத்தேன். விருந்தாளி என்று எழுதிய கைதானே என்று வைத்துவிடுவேன். அதற்கு மன்னிப்புக் கேட்க எனக்கு முகம் இல்லை, இருந்தாலும் கேட்கிறேன்.

நடந்ததை ஊரார் பத்து விதமாகச் சொல்லியிருப்பார்கள். என் வாயால் கேள்.

நீ அனுப்பிய நகலை நான் கிழிக்கவில்லை. யாரிடமும் காட்டவும் இல்லை. தேர்தல் முடியும்வரை அலமாரியில் கிடக்கட்டும், அப்புறம் பார்ப்போம் என்றுதான் நினைத்தேன். ரேடியோ விளம்பரத்தையும் நிறுத்தவில்லை. இதை உன்னிடம் மறைக்க மாட்டேன்.

அக்டோபர் பத்தொன்பதாம் தேதி உன் பக்கத்து ஊர் ரோமாவில் கூட்டம். முன் வரிசையில் ஒரு அம்மா எழுந்தாள், புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு. "இவரும் தொமாசா கையில பொறந்தவருதாங்க. முப்பது வருஷமா ஸ்கூல் பஸ் ஓட்றாரு. நீங்க ஜெயிச்சா இவரு காகிதம் செல்லுமா, செல்லாதா? ஒரே வார்த்த சொல்லுங்க, போயிர்றோம்." அந்த மனிதர் கூச்சத்தில் தொப்பியை மடித்து மடித்து நசுக்கிக்கொண்டிருந்தார். உண்மையான காகிதத்துக்குப் பயமில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். வந்தது வேறு. "தெரியலம்மா" என்றேன். "என்னோடதே செல்லுமான்னு எனக்குத் தெரியல."

அப்புறம் எல்லாம் சொல்லிவிட்டேன். இரண்டு பதிவு, இரண்டு தேதி, நீ போய்ப் பார்த்தது. என் பிரசாரத்தைக் கவனிக்கும் பையன் மைக் ஒயரைப் பிடுங்கினான். மைக் இல்லாமலும் சொன்னேன். பின்னாலிருந்து ஒரு பண்ணைக்காரர் கத்தினார்: "அப்ப நீ எந்தப் பக்கம்மா?" பாதிப் பேர் சிரித்தார்கள். எனக்காக வீடு வீடாகப் படியேறிய சோலெதாத் அக்கா அழுதுகொண்டே கேட்டாள்: "இப்ப ஒனக்கு ஓட்டுப் போடணுமா, வேணாமாடி?"

வாக்குச்சீட்டு அச்சாகிவிட்டதால் பெயரை எடுக்க முடியவில்லை. நான் ஓட்டுப் போடவில்லை. போடலாமா என்று வக்கீலைக் கேட்டேன், அவர் கூரையைப் பார்த்தார். தோற்றுப்போனேன் என்பது உனக்குத் தெரியும். ஆனால் அவ்வளவுக்குப் பிறகும் ஒன்பதாயிரம் பேர் போட்டிருக்கிறார்கள். யார் அவர்கள், எதற்காகப் போட்டார்கள்? வேலிக்காகவா, நான் உளறியதற்காகவா? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன்.

நகலை வக்கீலிடம் நானே கொடுத்துவிட்டேன். மார்ச் மாதம் விசாரணை. நீ வந்து பார்த்ததை மட்டும் சொல். பார்க்காததைச் சொல்ல வேண்டாம். தீர்ப்பு எப்படிப் போகும் என்று யாருக்கும் தெரியவில்லை. ஐம்பத்தொரு வயதில் இன்னொரு நாட்டுக்காரியாக எழுந்திருப்பேனா என்று காலையில் கண்ணாடி முன் நின்று பார்க்கிறேன். அதே முகம்தான்.

யாரெலி இன்னும் கனவில் வருகிறாள். அந்தக் கால்வாய்ச் சாலைக்குக் காவல் வேண்டும் என்று இன்றைக்கும் சொல்வேன். அந்த பஸ் டிரைவரின் முகமும் வருகிறது. இரண்டையும் சேர்த்து எப்படி ஒரு வாக்குறுதியாக எழுதுவது என்று தெரிந்தால் மறுபடி தேர்தலில் நிற்பேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் நினைவு நாள். வருடா வருடம் இருவரும் சேர்ந்து கமார்கோ கல்லறைக்குப் போவோம். இந்தத் தடவை நான் பாலத்தைத் தாண்டினால் திரும்ப விடுவார்களா என்று சொல்ல முடியாது என்கிறார் வக்கீல். அதனால் நீ மட்டும் போய் வா. அம்மாவிடம் எதுவும் கேட்காதே, பூவை மட்டும் வைத்துவிடு.

நான் பாலத்துக்கு இந்தப்பக்கம், சோதனை முடிந்து வெளியே வருகிற வாசலில் நிற்பேன். வரிசை நீளமாக இருந்தாலும் பரவாயில்லை, நீ வரும்வரை நிற்பேன். அண்ணியை எனக்கும் சேர்த்துச் சமைத்து வைக்கச் சொல்.

உன் தங்கை,
நெரெய்தா