அடி கீழே, நுனி மேலே

“டீச்சர், இந்தக் கதவுச் சட்டத்துக்குத் தலை எது, கால் எது?” என்று நீ ஒருநாள் கேட்டாய். முப்பது வருடம் பிள்ளைகளிடம் கேள்வி கேட்டே சம்பளம் வாங்கியவள் நான், இரண்டு முனையையும் மாறி மாறிப் பார்த்தேன். நீ கண் மூடி ஏழு மாதமாகிறது. இன்று காலை ஒரேத்தோத் தெருவில் உன் பட்டறைக்குள் நுழைந்ததும் புதிதாய் அறுத்த பலகையின் துவர்ப்பு வாசனை மூக்கில் ஏறியது. அந்தக் கேள்வியும் கூடவே வந்தது.

பதிலையும் நீயே சொன்னாய். மரம் நின்றபோது வேர்ப்பக்கம் இருந்த முனை, கதவானாலும் கீழேதான் வரவேண்டும். மன்னாரில் கைவாளோடு, மரம் அறுத்து விற்கும் மரக்காலை தொடங்கிய உன் அப்பப்பா வைத்த முறை அது. மின்வாள் வாங்கிய உன் அப்பாவும் அதை மாற்றவில்லை.

“இது என்ன விஞ்ஞானமோ?” என்று சிரித்தேன்.

“விஞ்ஞானம் இல்லையடி, மரியாதை. நீ பிள்ளையளைத் தலைகீழா நிப்பாட்டி வைச்சோ படிப்பிச்சனி?”

போரில் மரக்காலை எரிந்தது. கடல் கடந்து இந்த அந்நிய ஊருக்கு வந்து, லிபெர்த்தாத் தெருவில் ஒரு சிஞ்ஞோறா அம்மாவின் வீட்டில் நிலம் துடைத்தாய். ஓய்வு கிடைத்தபோது அவருடைய கால் ஆடும் நாற்காலிகளைத் திருத்தினாய். பெர்மெஸ்ஸோ என்ற குடியிருப்பு அனுமதியில் வீட்டு வேலை என்றுதான் இருந்தது. ஆனால் தேவாலயத்தில் பூசை முடிந்து வெளியே வரும்போது யாராவது தொழிலைக் கேட்டால், “எங்களுக்கு மரக்காலை” என்பாய்.

“எங்கை கிடக்கு உன்ரை மரக்காலை? துடைக்கிற வாளிக்குள்ளையோ?” என்று உன் தம்பியே பகிடி பண்ணினான். பதினொரு வருடம் கழித்து இந்தக் கடையைத் திறந்த அன்று, ஆசீர்வதிக்க வந்த பாதருக்கு முன்னம் அவனைத்தான் கூப்பிட்டாய்: “வா, வந்து வாளியைப் பார்.”

போன கிழமை நடந்ததை உனக்குச் சொல்லவேண்டும். பொலிதேயாமாப் பக்கம் ஒரு ஹோட்டலுக்குப் பதினெட்டுக் கதவு. கடை உன் மகள் கைக்கு வந்தபின் கிடைத்த முதல் பெரிய வேலை. முதல் எட்டையும் ஏற்றி அனுப்பவேண்டிய காலையில், ஒரு கதவின் நெடுக்குச் சட்டம் தலைகீழாய் நிற்பதை அவள் கண்டாள். அவசரத்தில் அவளே பொருத்தியது. லொறியைத் திருப்பி அனுப்பிவிட்டு, அந்தச் சட்டத்தை அறுத்தெடுக்க வாளை எடுத்தாள்.

“விசரே பிள்ளை உனக்கு?” உன் தம்பி கத்தினான். “வண்ணம் பூசினாப் பிறகு ஆர் பாக்கப்போயினம்?”

“நான் பாப்பன், மாமா.”

“ஹோட்டல்காரன் மிச்சப் பத்தையும் வேறை ஆளிட்டைக் குடுத்திடுவான். அதோடை கடையையும் பூட்டவேண்டியதுதான்.”

“குடுக்கட்டும். கடை பூட்டமாட்டன்.”

அவன் என் பக்கம் திரும்பினான். “டீச்சர், நீங்களாவது சொல்லுங்கோ. நீங்கள் சொன்னாக் கேப்பாள்.”

வாழ்க்கை முழுக்க இரண்டு பக்கமும் நியாயம் சொல்லிப் பழகியவள் நான். பொறுமை, விட்டுக்கொடுத்தல் என்று எத்தனை உதாரணம் கைவசம் வைத்திருந்தேன் என்று உனக்குத் தெரியும். அன்று ஒன்றையும் எடுக்கவில்லை. கைப்பையைக் கீழே வைத்துவிட்டு அவளிடம் கேட்டேன்: “நான் எந்தப் பக்கத்தைப் பிடிக்கவேணும்?”

இரண்டு நாள் பிந்தி எட்டுக் கதவும் போயின. உன் தம்பி சொன்னதுபோலவே மிச்சம் பத்தும் வேறு கடைக்குப் போய்விட்டன. அவன் இரண்டு நாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. மூன்றாம் நாள், “தேத்தண்ணி இருக்கோ?” என்று கேட்டுக்கொண்டு வந்து, பசைச் சட்டியைக் கழுவத் தொடங்கினான். உன் மகள் இப்போது ஒரு சலவைக் கடைக்கு அலுமாரி அடித்துக்கொண்டிருக்கிறாள். அடுத்த மாதம் எப்படிப் போகும் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. விட்டுக்கொடுக்கச் சொல்லி இனி யாரும் என்னை அவளிடம் தூது அனுப்ப முடியாது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

நீ என்னிடம் விட்டுப்போனது மரத்தைப் பற்றிய அறிவு அல்ல. இன்றைக்கும் தேக்கையும் பலாவையும் பிரித்தறிய எனக்கு வராது. “ஆர் பாக்கப்போயினம்?” என்ற பேச்சைக் கேட்டதும் முதுகு நிமிர்கிறதே, அதுதான் நீ தந்தது. எழுபத்திரண்டு வயதில் அது எனக்குப் போதும்.

இதை வாசிக்கிறவர்களுக்கு ஒரு சின்ன வீட்டுவேலை: இன்று உங்கள் அலுமாரியைச் சுவரைவிட்டுக் கொஞ்சம் இழுத்து, யாரும் பார்க்காத அதன் முதுகைப் பாருங்கள்.