சுவரில் ஏறிய கோடுகள்

என்னங்க,

சாப்பாடு மேசைமேல் மூடியிருக்கிறது. தண்ணீர்க் கேனைத் தூக்காதீர்கள், வந்து நான் மாற்றுகிறேன்.

நேற்றுச் சண்டையில் சொல்லாமல் விட்டதை எழுதிவிடுகிறேன். வலது கை விரல்களால் சுவரில் மெல்ல ஏறி, எட்டிய உயரத்தில் தினமும் கோடு போட்டுத் தேதி எழுதும்படி ஆஸ்பத்திரியில் சொன்னார்கள் அல்லவா, தோள்பட்டை சரியாக? உங்கள் கோடு கதவு உயரத்தைத் தாண்டிவிட்டது. ஆனால் விரல் பட்ட அழுக்கு சுவிட்சுக்கு ஒரு சாண் மேலேயே நின்றுவிட்டது. அதற்கு மேலே உள்ளதெல்லாம் இடது கை வேலை. இந்த லட்சணத்தில் திங்கட்கிழமை வேலைக்குப் போய் ஏணி ஏறி பெயின்ட் அடிக்கப் போகிறீர்களாம்!

பொய்க்கோடுகளை ரப்பரால் அழித்துவிட்டேன், ஒன்றைத் தவிர. கடைசி நிஜக் கோட்டிலிருந்து ஆரம்பியுங்கள். வலித்தால் நிறுத்திவிடுங்கள், பல்லைக் கடிக்க வேண்டாம்.

ஏணி இருக்கும் அறைச் சாவி என் பையில். வீட்டைத் தலைகீழாக்கித் தேடாதீர்கள்.

இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன். அன்றைக்கு, "இன்னும் எத்தனை நாள்தான் வீட்லயே உக்காந்திருப்பீங்க?" என்று கேட்டேனே, முதல் பொய்க்கோடு அதற்கு மறுநாள் தேதியில் இருக்கிறது. அதைத்தான் அழிக்கவில்லை. அது நான் போட வைத்தது.