அம்மா லத்தீன் கட்சிக்குப் போன கதை

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே நாங்கள் இருவரும் எழுந்து நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் கேட்டுக்கொள்கிறேன். வாரம் தவறாமல் ஃபோனில் பேசுகிற மனுஷன் திடீரென்று பேனாவை எடுத்திருக்கிறாரே என்று பயந்துவிடாதே, யார் உயிருக்கும் ஆபத்தில்லை. அம்மாவைப் பற்றி உன்னிடம் ஒன்று சொல்லியாக வேண்டும், அவ்வளவுதான். கடையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். எதிரே ஒரு டேபிள் ஃபேன் வயிற்றைத் திறந்துகொண்டு கிடக்கிறது, அதைத் தொட மனமில்லை. இரண்டு வரி எழுதுகிறேன், எழுந்துபோய் வாசலில் நிற்கிறேன், திரும்ப வந்து உட்காருகிறேன்.

மாதா கோவிலுக்குப் புதுச் சாமியார் வந்ததும், ஞாயிற்றுக்கிழமையின் முதல் பூசையை இனி லத்தீனில்தான் பாட வேண்டும், பழைய மெட்டு, கீபோர்டு கிடையாது, கிட்டார் கிடையாது, வெறும் தொண்டை மட்டும் என்று சொல்லிவிட்டதை முன்பே சொன்னேன் அல்லவா, அன்றிலிருந்து பங்குச் சனம் இரண்டாகக் கிடக்கிறது. பெரியவர்கள் லத்தீன், இளசுகள் தமிழ் என்று நினைக்காதே, அப்படி இருந்தால் சுலபமாகப் போயிருக்கும். கல்லூரிப் பெண்கள் அந்தப் பாட்டைக் கேட்டுக் கண் கலங்குகிறார்கள், என்னைவிட மூத்த தபால்காரர், எனக்கே புரியாத பாஷைல என் பாவத்த எப்படிச் சொல்றது என்று கேட்கிறார். மைக் செட் என் பொறுப்பில் இருப்பதால் இரண்டு பக்கமும் திட்டு வாங்குவது நான்தான். லத்தீன் சத்தம் குறைந்தால் நான் சதி செய்கிறேனாம், கிட்டார் இரைந்தால் எனக்குக் காது செவிடாம். உள்ளதைச் சொன்னால் நான் தமிழ்க் கட்சி. லத்தீன் அழகாகத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை, ஆனால் அந்தப் பூசையில் யார் வீட்டுக்குள்ளோ தெரியாமல் நுழைந்துவிட்ட மாதிரி எனக்குக் கூச்சமாக இருக்கிறது. இதைத் தமிழ்க் குழுவின் கீபோர்டுக்காரரிடம் வாய் தவறிச் சொன்னேன், அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அங்கிள், பங்குப் பேரவைக் கூட்டத்துல எங்களுக்காக நீங்கதான் பேசணும், நாங்க பேசினா ஆட்டம் பாட்டம் கேக்குறாங்கன்னு உக்கார வச்சுடுவாங்க என்றார். நானும் பெரிய மனுஷனாகத் தலையை ஆட்டி வைத்தேன். நாளைக்குத்தான் அந்தக் கூட்டம்.

வீட்டுக்குள்ளேயே எதிர்க்கட்சி முளைக்கும் என்று நான் எங்கே கண்டேன். தமிழ்ப் பாட்டுக்கு முதலில் கை தட்டுகிறவள், பயிற்சி என்றால் அடுப்பை அணைத்தாளா இல்லையா என்று கூடப் பார்க்காமல் ஓடுகிறவள், உன் அம்மா, அந்தத் தமிழ்க் குழுவை அப்படியே விட்டுவிட்டு லத்தீன் குழுவில் போய் முன்னால் நின்றாள். என்ன திடீர்ன்னு, ரோமாபுரில சம்பந்தம் பேசறியா என்று கிண்டல் செய்தேன், முறைத்துவிட்டுப் பயிற்சிக்குக் கிளம்பிவிட்டாள். பாட்டு வாத்தியார் லத்தீனைத் தமிழ் எழுத்தில் எழுதி ஆளுக்கொரு தாள் கொடுத்திருக்கிறார். அதில் சமாதானத்துக்கு ஒரு வார்த்தை, பாச்செம். பெண்கள் வரிசை மொத்தமும் அதைப் பாசம் பாசம் என்று பாடிவிட்டது. வாத்தியார் தாளைப் பார்த்தபடியே, பாசம் இல்லம்மா, பாச்செம், சமாதானம் என்றார். பாசம் இருந்தா சமாதானம் தன்னால வராதா வாத்தியாரே என்று அம்மாவுக்குப் பக்கத்தில் நிற்கிற தையல்காரி சொல்ல, ஒரே சிரிப்பு. பிறகு எல்லோரும் திருத்திக்கொண்டார்கள், அம்மா மட்டும் அவர் கையையே பார்த்துக்கொண்டு மலர்ந்த முகத்தோடு மறுபடியும் பாசம். திரும்பச் சொன்னார், திரும்பவும் பாசம். மூன்றாவது முறை மனுஷர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியேறிவிட்டார். மறுநாள் கடைக்கு வந்து, அண்ணே தப்பா எடுத்துக்காதீங்க, அண்ணிக்குப் பிடிவாதம் ஜாஸ்தியா இருக்கு, வாத்தியம் இல்லாத பாட்டுல ஒரு குரல் தனியா தெரிஞ்சா எல்லாம் போச்சு, அவங்க பக்கத்து மைக்க மட்டும் கொஞ்சம் கொறச்சு வச்சுடுங்க என்றார். எனக்குச் சுருக்கென்றது. கட்டினவளின் குரலை நானே அமுக்குவதா. பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன்.

அந்தக் கோபத்தை அம்மாவிடம் காட்டத்தான் வீட்டுக்குப் போனேன். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அடுக்களையில் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டேன், திரும்பவில்லை. கிட்டே போய்க் கூப்பிட்டேன், திரும்பவில்லை. கையிலிருந்த சாவிக்கொத்தைத் தரையில் போட்டேன். துடைத்துக்கொண்டே இருந்தாள். தோளைத் தொட்டதும் திடுக்கிட்டுத் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள், கீழே கிடந்த சாவியையும் பார்த்தாள், என்ன, பரீட்சை வச்சீங்களா என்று கேட்டாள். பிறகுதான் சொன்னாள். காது கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறதாம். கீபோர்டும் டிரம்மும் சேந்தா எனக்கு ஒரே இரைச்சல், எங்க ஆரம்பிக்கிறாங்க எங்க நிறுத்துறாங்கன்னே தெரியல, எல்லாரும் நிறுத்தினப்பறம் தனியா பாடி என் மானமே போச்சு, இந்த லத்தீன்ல வாத்தியார் கை ஏறினா ஏறணும் இறங்கினா இறங்கணும், தையல்காரி மூச்சு இழுக்கறது என் தோள்ல தெரியும், அவகூடவே நானும் இழுத்துடுவேன் என்றாள். டாக்டரிடம் போகலாம் என்றால், கருவிய மாட்டினா ஊருக்கே தெரிஞ்சுடும், பாவம்னு சொல்லி உக்கார வச்சு வாய மூடிடுவாங்க என்கிறாள். யாரிடமும் சொல்லக் கூடாது, அதிலும் பாப்பாவிடம் மூச்சு விடக் கூடாது என்று என் கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அந்தச் சத்தியத்தைத்தான் இப்போது மீறிக்கொண்டிருக்கிறேன். ஃபோனில் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே இதை உன்னிடம் சொல்லியிருக்கலாம், அவளுக்குக் கேட்டிருக்காது. அதனால்தான் எனக்கு நாக்கு எழவில்லை.

இப்போது சொல், நாளைக்கு நான் என்ன பேசுவது? கீபோர்டுக்காரருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், என் மனமும் அந்தப் பக்கம்தான். ஆனால் லத்தீன் போனால் அவள் பாட்டும் போய்விடும். காரணத்தைச் சொல்லவும் வழியில்லை. தலை வலிக்கிறது, மீதியைப் பிறகு எழுதுகிறேன்.

இன்று திங்கட்கிழமை. நேற்றுக் கூட்டம் முடிந்தது. நானே மாட்டி வைத்த மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யோசித்து வைத்திருந்த பேச்சைத் தொடங்கப் போனேன், எதிரே அம்மா என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு லத்தீன் புரியல, பிடிக்கவும் இல்ல, ஆனா முதல் பூசை அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். ஏன் அங்கிள் என்று கீபோர்டுக்காரர் எழுந்து கேட்டார். அது சொல்ல மாட்டேன் என்றேன். வீட்ல சோறு கிடைக்காதுன்னு பயந்துட்டார் என்று யாரோ சொல்ல, ஹாலே சிரித்தது, நானும் அசடு வழியச் சிரித்து வைத்தேன். கீபோர்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. வெளியே வந்த பிறகும் என் முகத்தைப் பார்க்கவில்லை, அது எனக்கு முள்ளாகக் குத்துகிறது. கடைசியில் சாமியார், முதல் பூசை லத்தீன், இரண்டாவது தமிழ், இப்போதைக்கு இப்படியே போகட்டும் என்று முடித்துவிட்டார். வாத்தியாரைத் தனியாகப் பிடித்து, மைக்க நான் தொட மாட்டேன், திருத்தம் சொல்லணும்ன்னா அவ முகத்துக்கு நேரா நின்னு சொல்லுங்க என்றேன். சரி அண்ணே என்றார், என்ன புரிந்துகொண்டாரோ தெரியாது. அம்மாவிடமும் நல்ல பெயர் இல்லை. காரணம் சொல்லாம கட்சி மாறினா சந்தேகம் வராதா, உங்களுக்கு ஒரு பொய் கூடவா வராது என்று வீடு வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தாள். பின்னால் வண்டிக்காரன் ஹாரன் அடித்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை, நான்தான் கையைப் பிடித்து உள்பக்கம் இழுத்தேன். டாக்டரிடம் எப்படியாவது கூட்டிப் போவேன், அதுவரைக்கும் எனக்குத் தூக்கமில்லை.

இத்தனையும் உனக்கு எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. மாப்பிள்ளை சொன்னார், போன தடவை பேசிவிட்டு நீ அழுதாயாம், அம்மா ரெண்டு வார்த்தையோட ஃபோன அப்பாகிட்ட குடுத்துடறாங்க, என் மேல என்ன கோபம் என்று. கோபம் ஒன்றும் இல்லை பாப்பா. நீ பேசுவது அவளுக்கு எட்டவில்லை. ஃபோனை என்னிடம் கொடுத்துவிட்டு அவள் எங்கேயும் போவதில்லை, என் எதிரிலேயே நிற்கிறாள். நீ பேசி முடிக்கிற வரைக்கும் என் முகத்தையே பார்க்கிறாள், நான் சிரித்தால் அவளும் சிரிக்கிறாள்.

இனி வீடியோவில் கூப்பிடு, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காராதே, வெளிச்சம் உன் முகத்தில் விழட்டும், மெதுவாகப் பேசு, கத்தாதே. நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே, அவளாகச் சொல்கிற அன்றைக்குப் புதிதாகக் கேட்பது போல் கேட்டுக்கொள். ஆண்டவர் உங்கள் மூவரையும் தம் கைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும், குட்டியின் நெற்றியில் எனக்காக ஒரு சிலுவை போடு.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அப்பா