ஆண் ஈக்குக் கொடுக்காத ஒரு வேளை

மார்ச் 4
இறைச்சிக்கூடத்து வண்டி இன்றும் வரவில்லை. ஃபிரிட்ஜில் இருக்கும் இரத்தம் ஈக் கூண்டுகளில் பாதிக்குக்கூடப் போதாது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் இந்த ஈயில் ஆணும் இரத்தம் குடிக்கும், பெண்ணும் குடிக்கும். பெண் குடித்ததெல்லாம் கொழுப்பாகி, பாலாகி, வயிற்றில் வளரும் குட்டிப் புழுவுக்கே போய்விடும். அவளைப் பட்டினி போட்டால் கரு கலைந்துவிடும். ஆகவே அவளுக்கு முழு வேளை. ஆணுக்கு இதுவரை குடித்தது போதும்.

"ஆம்பளை என்ன புள்ளையா பெத்துப் போடப் போறான்? ஊர் சுத்த இது போதும்" என்றேன். அறையே சிரித்தது. எனக்கும் பெருமைதான்.

மார்ச் 6
வண்டி நேற்றே வந்துவிட்டது. ஆண்களுக்கு இன்னொரு வேளை கொடுத்திருக்கலாம். ஆனால் அனுப்பும் தேதி தள்ளிப் போகும். மலடாக்கி, பெட்டியில் அடைத்து, அனுப்பியாயிற்று. தம்பியின் மாட்டுக் கொட்டகை ஓரப் புதரில்தான் திறப்பார்கள். காட்டுப் பெண் ஈ இவற்றோடு கூடினால் அதற்குப் பிள்ளை இல்லை. மாட்டுக்குக் காய்ச்சல் கொண்டுவரும் ஈக்கூட்டம் குறையும்.

தம்பி ஃபோனில்: "காய்ச்சலுக்குப் பயந்து பக்கத்துல எல்லாரும் மாட்டை ஓட்டிட்டுப் போயிட்டாங்கக்கா. உன்னை நம்பித்தான் நான் இங்கயே இருக்கேன்."

மார்ச் 7
பெட்டிகளைக் கொண்டுபோன டிரைவர் கூப்பிட்டார். "மேடம், பெட்டியைத் திறந்தா பொத்து பொத்துன்னு விழுதுங்க. எறும்பு இழுத்துட்டுப் போகுது."

மிஞ்சியவற்றைக் கொண்டுவரச் சொல்லி அறுத்துப் பார்த்தேன். நெஞ்சுக்குள் தசையே இல்லை. கூட்டிலிருந்து வெளிவந்த ஆண், முதல் சில வேளை இரத்தத்தில்தான் இறக்கைத் தசையை வளர்க்கிறது. பறப்பதும் பெண்ணைத் துரத்துவதும் அப்புறம். இது எனக்குத் தெரியாதா? பாடமே எடுத்திருக்கிறேன்! வாய்க்கொழுப்பு — வேறென்ன?

தம்பிகிட்ட சொல்லணும். நாளைக்கு.

மார்ச் 15
சொல்லவில்லை.

ஏப்ரல் 18
சினைப்பசு செத்துப்போச்சு. மற்றதெல்லாம் எழுந்திருக்கவே மாட்டேங்குது. ஓடினேன். தம்பி மனைவி தண்ணீர் கொடுத்தாள், முகம் பார்க்கவில்லை. தம்பி என்னைத் தேற்றுகிறான்! "நீ என்னக்கா பண்ணுவ? உன் ஈ வந்திருக்காட்டி இன்னும் சீக்கிரமே போயிருக்கும்."

ஐயோ. அப்போதும் உண்மையைச் சொல்லாமல் பஸ் ஏறி வந்துவிட்டேன். என்ன ஜென்மம் நான்?

ஏப்ரல் 21
சொல்லிவிட்டேன். உள்ளே போகாமல் வாசலிலேயே நின்று, எல்லாவற்றையும், அன்று சிரித்ததைக்கூட. கத்துவான் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை.

"ஈ விழுந்த அன்னைக்கே சொல்லியிருந்தா மாட்டை ஓட்டிட்டுப் போயிருப்பேனேக்கா" என்றான்.

அவ்வளவுதான். உள்ளே போய்விட்டான்.

மே 9
மூன்று தடவை கூப்பிட்டேன். தம்பி மனைவிதான் எடுத்தாள். "அவர் வெளிய போயிருக்காரு." பின்னால் அவன் இருமுவது கேட்டது.

ஜூன் 30
இந்த முறை ஆண்களுக்கு வயிறு நிறைய, நாலு வேளை. அனுப்பும் தேதியையும் தள்ளிப் போட்டேன். டிரைவர் ஃபோனில் சந்தோஷத்தில் குதிக்கிறார்: "திறந்ததுதான் தெரியும் மேடம், ஒண்ணுகூட கீழ விழலை!"

எங்கே திறந்தீர்கள் என்று கேட்டேன்.

"அதே இடந்தாங்க, மாட்டுக் கொட்டகைப் பக்கம். இப்ப அதுல யாரோ சைக்கிள் ரிப்பேர் பண்றாங்க."

நல்லது என்றேன்.