செல்வியின் ஒற்றை வரி

வியாழன் இரவு, சூரியநெல்லி

தூக்கம் வரவில்லை. காரணம் செல்வி. ரிசார்ட் வரவேற்பில் என் பக்கத்து நாற்காலிக்காரி.

சூரிய உதயம் பார்க்க ஜீப்பில் மலையேறி, பனிமூட்டத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கோபமாகத் திரும்புகிற விருந்தினர்களை எப்படிச் சமாளிப்பது என்று, வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் உலவும் அந்த இணையதளத்தில் நீளமாக எழுதிப் போட்டிருந்தேன். நான் வேலைக்குச் சேர ஆசைப்படும் மூணாறு ஓட்டலின் மேனேஜர் கண்ணில் படட்டும் என்றுதான் போட்டேன். செல்வி அதன் கீழே ஒரு வரி எழுதினாள்: "முதலில் சூடாகக் கட்டஞ்சாயா கொடுங்கள், பிறகு பேசுங்கள்."

காலையிலிருந்து என் பதிவின் பார்வைகள் ஏறிக்கொண்டே இருந்தன. மிதந்துகொண்டிருந்தேன். மத்தியானம் அவள் போனை நீட்டினாள்.

"யக்கா, என் ப்ரொஃபைலை இத்தனை பேர் பாத்துருக்காகளாம். மூணாறு மேனேஜர்னு ஒருத்தர் வேற. எதுக்குக்கா?"

"கை தவறி அழுத்திருப்பாக. அதெல்லாம் ஒரு கணக்கா?" என்றேன்.

பிறகு என் கணக்கைத் திறந்தேன். பதிவைப் படித்துவிட்டு என் ப்ரொஃபைலுக்கு வந்தவர்கள் நான்கு பேர். அதில் ஒருத்தி செல்வி.

பதிவை அழித்தால் அவள் கமெண்ட்டும் சேர்ந்து போய்விடும். சற்றுமுன் அழுத்தியும் விட்டேன். நிச்சயமாக அழிக்கவா என்று கேட்டது. பின்னால் தெரிந்த பார்வைகளின் எண் அதற்குள் இன்னும் ஏறியிருந்தது. அவர்கள் யாரைத் தேடி வருகிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

தெரிந்தும் 'வேண்டாம்' என்பதை அழுத்தினேன். எண் என்னவோ என் பெயருக்குக் கீழேதானே இருக்கிறது.