தேத்தண்ணிக்குள் போட்ட குளிசை

இன்று காலை மகள் கிளினிக்கில் கொடுத்த இரும்புக் குளிசைப் போத்தலைத் திறந்தாள். துருப்பிடித்த ஆணியின் மணம் மெல்ல வந்தது. அவளுக்கு இது ஐந்தாம் மாதம். அந்த மணத்தோடு நீயும் கல்லடி வீட்டுக் குசினிக்குள் வந்து குந்திக்கொண்டாய்.

இவளை நான் சுமந்த காலத்தில் எனக்கு இரத்தம் ஏறவேயில்லை. இன்னும் இறங்கினால் ஆஸ்பத்திரியில் மறித்து வைக்க வேண்டிவரும் என்று சொல்லியிருந்தார்கள். பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்று உள்ளூரப் பயந்தேன். வந்தாறுமூலைக் கம்பஸில் என்னோடு இரசாயனம் படித்தவள் நீ; வேறு யாரிடம் சொல்வது?

இருவரும் தாளும் பேனையுமாக இருந்துவிட்டோம். என் குளிசையில் இருந்த இரும்பு உப்பு பெரசு சல்பேற்று; அதன் பச்சைப் பளிங்கில் ஓர் இரும்புக்கு ஏழு நீர் மூலக்கூறுகள், நிறையில் ஐந்தில் ஒரு பங்குதான் இரும்பு என்றேன். குளிசைக்கு அந்த நீரைப் போக்கித்தானே எடுக்கிறார்கள் என்று அடித்துப் பேசினாய். மற்ற இரும்பு உப்பான பியூமரேற்றுக்கு மாறலாமா என்றேன். இரண்டிலும் இரும்பு ஒரே நிலையில்தான், இரண்டு இலத்திரன் இழந்தது, குடல் எளிதாக எடுப்பது என்றாய். உப்பில் பிழையில்லை என்று முடிவாயிற்று. பிழை எங்கே என்று மட்டும் தெரியவில்லை.

களைத்துப்போய் அன்றைய குளிசையை எடுத்தேன். வழக்கம்போல உள்ளங்கையில் நக்கிக் குடிக்கச் சீனியும் பக்கத்தில் பால் விடாத வெறுந்தேத்தண்ணியும். நீ என் கையைப் பிடித்தாய். குளிசையைப் பறித்து, கரண்டியால் நசித்து, கோப்பைக்குள் போட்டுக் கலக்கினாய். சிவந்திருந்த தேத்தண்ணி பார்த்திருக்கவே மை போலக் கறுத்தது. தேயிலையின் துவர்ப்பான தனின் இரும்பைப் பிடித்துக்கொண்டது. வயிற்றுக்குள்ளும் அதுதான் நடந்திருக்கிறது. ஆய்வுகூடத்தில் எத்தனை தரம் அந்தக் கறுப்பைக் கண்டிருப்போம். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

“ஒரு குளிசை வீணாப் போச்சேகா,” என்றேன்.

“ஒண்டு போனாப் போகட்டும். இவ்வளவு நாளும் எல்லாத்தையும் இப்பிடித்தானேகா போட்ட நீ. அந்த டிகிரியக் கொண்டுபோய் ஆத்துக்குள்ள போடு.”

பிறகு தேத்தண்ணியை விட்டு, தேசிக்காய்ப் புளி பிழிந்த தண்ணீரோடு குளிசையைக் குடித்தேன். இரத்தம் ஏறியது. மகள் நல்ல நிறையோடு பிறந்தாள். ஆஸ்பத்திரிக்கு வந்து அவளைத் தூக்கியபோது நீ அழுததை நான் கண்டேன்.

நீ போய்ச் சேர்ந்து இரண்டு வருடம். இன்று அவளும் ஒரு கையில் குளிசை, மறு கையில் வெறுந்தேத்தண்ணி. கணக்கியல் படித்தவள், அவளைக் குறை சொல்ல முடியாது. நான் எதையும் விளக்கவில்லை. குளிசையை வாங்கி நசித்து அவளுடைய கோப்பைக்குள் போட்டேன்.

“என்னம்மா, ஒரு குளிசை வீணாப் போச்சே,” என்றாள்.

உன் பதிலைத்தான் சொன்னேன். டிகிரியை ஆற்றுக்குள் போடச் சொன்னதை மட்டும் விட்டுவிட்டேன். அது நீ எனக்குச் சொன்னது.